அமாத்துங்குலு வேலி: குறி பார்த்துக் குறை தீர்க்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோர மணல்மேடுகளில், உப்புக்காற்று நேராக வந்து அறையும் இடத்தில், எவரும் தண்ணீர் விடாமலும் எருப் போடாமலும் ஆள் நுழைய முடியாத அடர்த்தியில் வளர்ந்து நிற்கும் புதர் அமாத்துங்குலு. அது சூலு மொழிப் பெயர். ஆஃப்ரிகான்ஸில் நும்நும் என்ற இனத்தில் பெரியது என்று சேர்த்துச் சொல்வார்கள். தாவர நூல்களில் கரிஸா மேக்ரோகார்ப்பா. தமிழ்நாட்டுக் களாச் செடியும் இதே கரிஸா இனம்தான் என்பதால், எங்கள் வீட்டில் ஆயா காலத்திலிருந்து இதற்கும் களா என்றே பெயர். நந்தியாவட்டையும் அரளியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளையை ஒடித்தால் பால் வடிவதைப் பார்த்தே அந்த உறவு தெரிந்துவிடும்.

இவ்வளவு வன்மையான செடி, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலும் நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் மஞ்சளடித்து, மொட்டையாகி, காய்க்காமல் நிற்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் செடிக்கு நோய் எதுவும் இருக்காது. வடிகால் நன்றாக உள்ள மணல், முழு வெயில், குறைந்த உணவு என்று பழகிய செடிக்கு நாம் ரோஜாவுக்குச் செய்யும் பணிவிடையைச் செய்கிறோம். அது தாங்காமல் நலிகிறது. ஆகவே, கீழே சொல்லும் எந்தக் குறியைக் கண்டாலும், மருந்துப் புட்டியை எடுக்கும் முன் வேரடியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி, அந்த மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

செடியில் முள்ளே இல்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது உயிர் சம்பந்தப்பட்டது. அமாத்துங்குலுவின் முள் தனி வகையானது. காம்பிலிருந்து புறப்பட்டு நுனியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்து நிற்கும் கவைமுள். அந்த முள்ளைக் காணாவிட்டால், செடி அகோகாந்தெரா என்ற நச்சுப் புதராக இருக்கலாம். அதுவும் இதே குடும்பம், இதே மண். தடித்துப் பளபளக்கும் எதிரெதிர் இலைகள், மணமுள்ள வெள்ளைப் பூக்கள், கிளையில் பால் என்று எல்லாவற்றிலும் ஒத்திருக்கும். அம்பு முனையில் தடவும் நஞ்சை இந்நாட்டின் வேட்டைக் குடிகள் எடுத்த செடிகளில் அதுவும் ஒன்று. அதன் பூக்கள் இளஞ்சிவப்புச் சாயலோடு இலைக்கக்கத்தில் கொத்தாக நெருங்கியிருக்கும். பழம் முற்றியதும் கருநீலமாகும். ஆனால் பழுக்கும் வழியில் அது அமாத்துங்குலுப் பழம் போலவே சிவந்தும் நிற்கும் என்பதால், பழத்தின் நிறத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது. அமாத்துங்குலுவிலேயே முள் குறைந்த தோட்ட வகைகள் உண்டுதான். இருந்தாலும் வாங்கிய இடமும் வகையும் உறுதியாகத் தெரியாத முள்ளில்லாச் செடியின் பழத்தைப் பிள்ளைகள் தொடவிடாதீர்கள். உண்மையான அமாத்துங்குலுவிலும் உண்ணத் தகுந்தது நன்றாகப் பழுத்த பழம் மட்டுமே.

இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன

பழைய இலை ஆண்டில் சிறிது மஞ்சளாகி விழுவது இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். கிளைகள் எங்கும் ஒரே சமயத்தில் அடி இலைகள் வெளுத்து, புதுத் தளிரும் வராமல், செடி மொத்தமாகச் சோர்ந்து நின்றால், அது பெரும்பாலும் வேர் அழுகல். தோண்டிய மண் கையில் உருண்டை பிடித்தாலோ, சேற்று நாற்றம் அடித்தாலோ, சிறு வேர்களின் தோல் இழுத்தால் உறைபோலக் கழன்று வந்தாலோ ஐயமே வேண்டாம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சடைக்கிறது. அந்த நிலையில் ஃபைட்டோஃப்தோரா, பித்தியம் போன்ற மண்வழிக் கிருமிகள் எளிதாக உள்ளே நுழைகின்றன. விந்தை என்னவென்றால், வேர் அழுகிய செடி தண்ணீருக்கு ஏங்குவது போலவே வாடி நிற்கும். அதைப் பார்த்து இரங்கி மேலும் தண்ணீர் விடுபவர்களே அதிகம். செடி சாவதும் அதனால்தான்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் கொட்டிய பெருமழைக்குப் பிறகு எங்கள் வேலியின் சரிவான கடைக்கோடியில் மூன்று செடிகளின் அடியில் பல நாள் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் எல்லாம் பச்சையாகவே இருந்தன. ஆடி மாதம் வந்தபோது அந்த மூன்றில் இரண்டு காய்ந்தன. பிழைத்த ஒன்றின் அடியிலிருந்து மட்டும்தான் அப்போதே ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வெளியே விட்டிருந்தேன். வேரின் கேடு இலையில் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும் என்பதை அந்த இரண்டு செடிகளைக் கொடுத்துத்தான் கற்றேன்.

டர்பனின் பெரியா மேட்டிலும் பிளஃப் பக்கத்திலும் உள்ள சிவந்த மணல்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது; அங்கே இந்தத் தொல்லை அரிது. களிமண் உள்ள வீடுகளில் நடும் முன் ஒன்றரைச் சாண் ஆழக் குழி வெட்டி, மாலையில் நீர் நிரப்பி, காலையில் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் அந்தக் குழியில் நடாதீர்கள். குழிக்குள் மணலைக் கொட்டுவதும் பயன் தராது. களிமண்ணுக்கு நடுவே மணல் குழி ஒரு தொட்டியாகி, சுற்றியுள்ள நீரையெல்லாம் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். முழங்கால் உயரத்திற்கு மண்ணை மேடு கட்டி, மேட்டின் மேல் நடுவதே சரி. ஏற்கெனவே நட்ட செடியானால் நீரை உடனே நிறுத்தி, தண்டை ஒட்டிக் குவிந்துள்ள மூடாக்கையும் மண்ணையும் விலக்கி, நீர் வெளியேற வழி வெட்டிவிட்டு, மேல்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். வேர் குறைந்த செடிக்கு அத்தனை இலைகளையும் தாங்க வலுவிருக்காது. மண் உலர்ந்து புதுத் தளிர் கண்ட பிறகுதான் உரத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

முதல் ஆண்டு மட்டும், மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒரு முறை வேர் நனைய ஆழமாக நீர் விட்டால் போதும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் டர்பனில், வேர் பிடித்த அமாத்துங்குலுவுக்கு நாம் நீர் விட வேண்டிய தேவையே இல்லை என்பேன்.

புதுத் தளிர் மட்டும் வெளுக்கிறது, நரம்பு பச்சையாக இருக்கிறது

மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். அங்கே பழைய இலை முதலில் மஞ்சளாகும். இங்கே அடி இலைகள் கரும்பச்சையாக இருக்க, நுனித் தளிர்கள் மட்டும் எலுமிச்சை நிறமாகி, நரம்புகள் பச்சைக் கோலம் போலத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் சேர்ந்த இரும்பு புதிய இலைக்கு இடம் மாறாது என்பதால்தான் தளிரில் முதலில் காட்டுகிறது.

மதிலை ஒட்டி நட்ட வேலிகளில் இதை அடிக்கடி காணலாம். வீடு கட்டியவர்கள் மீந்த சிமென்ட், சுண்ணாம்பு, உடைந்த கல் எல்லாவற்றையும் மதிலடியில் புதைத்து மேலே மண்ணைப் பரப்பிவிடுகிறார்கள். சுண்ணாம்பு கலந்த காரமண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எங்கள் மதிலடியில் தோண்டியபோது காய்ந்த சிமென்ட் மூட்டை ஒன்று அப்படியே கல்லாகிக் கிடந்தது. அதன் மேலே நின்ற செடி மட்டும் நான்கு ஆண்டாக வெளுத்தே இருந்தது. இடிபாட்டை அகற்றி, மக்கிய இலையெருவை மண்ணில் கலந்து, காரமண்ணிலும் எளிதில் கட்டுப்படாத கீலேட் வகை இரும்பைப் பொட்டலத்தில் குறித்த அளவில் கரைத்து வேரடியில் விட்ட பின் வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. சாதாரண இரும்பு சல்ஃபேட் காரமண்ணில் விரைவில் கட்டுப்பட்டுவிடும்; அதற்குச் செலவழிப்பது வீண். வெளுத்த பழைய தளிர்கள் முழுதும் பச்சையாகாமல் போகலாம். அடுத்து வரும் தளிரைப் பார்த்தே குணமானதா என்று முடிவு செய்யுங்கள்.

பூ நிறையப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. விடையும் மிகச் சுவையானது. ஐந்து இதழ் வெள்ளைப் பூவை, காம்பிலிருந்து மேலே செல்லும் மெல்லிய குழலோடு பறித்து, விரல் நகத்தால் குழலை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். சில செடிகளின் பூக்களில் மகரந்தப்பைகள் பெரிதாக, சூல்தண்டைவிட மிக உயரத்தில் இருக்கும். அந்தப் பூக்கள் நடைமுறையில் ஆண்பூக்கள். வேறு சில செடிகளில் மகரந்தப்பைகள் சிறுத்து, சூல்தண்டின் உயரத்திலேயே, மகரந்தமே இல்லாமல் இருக்கும், அவை பெண்பூக்கள். ஒரே செடியை மட்டும் வைத்திருப்பவர் எத்தனை ஆண்டு எருப் போட்டாலும் காய் பிடிக்காமல் போவதற்கு இதுதான் முதற்காரணம். இது தவிர, தன் மகரந்தத்தால் தானே காய்க்க முடியாத செடிகளும் உண்டு.

நம் தெருக்களில் இந்தக் குறை ஏன் பரவலாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரு வீட்டில் அழகாகப் பூத்த செடியிலிருந்து குச்சி வாங்கி அடுத்த வீட்டில் நடுவார்கள். அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போகும். பத்து வீட்டு வேலியும் உண்மையில் ஒரே செடிதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருநூறு செடிகள் போலத் தெரிந்தாலும், மகரந்தக் கணக்கில் அது ஒன்றே. எங்கள் வேலி ஆறு ஆண்டு காய்க்காமல் நின்றது. டோங்காட்டில் இருக்கும் அத்தை, தம் வீட்டில் விதையிலிருந்து முளைத்த செடிகளில் இரண்டைத் தொட்டியோடு கொடுத்து, "இதை நடுவிலே வையப்பா, துணையில்லாமல் அது எப்படிக் காய்க்கும்?" என்றார். அந்தச் செடிகள் பூத்த ஆண்டிலேயே பழைய வேலியில் சிவப்பு தெரிந்தது. எனவே நர்சரியில் வாங்கும்போது விதைநாற்றுகளாகக் கேட்டு, குறைந்தது மூன்று நான்கு வெவ்வேறு செடிகளை வேலியில் கலந்து நடுங்கள்.

காத்திருக்க மனமில்லாதவர்கள் கையாலும் மகரந்தம் சேர்க்கலாம். இந்தப் பூவுக்கு இயல்பான தூதர்கள் நீண்ட உறிஞ்சுகுழலுடைய இரவு விட்டில்களும் சிறு வண்டுகளும். அதனால் அந்தி நேரத்தில், மணம் ஏறும் பொழுதில் செய்வது நன்று. மெல்லிய தூரிகை ஒன்றில் இரண்டு மூன்று மயிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட்டு, ஆண்தன்மையுள்ள செடியின் பூக்குழலுக்குள் நுழைத்துச் சுழற்றினால் மயிர் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டும். அதையே வேறொரு செடியின் பூக்குழலுக்குள் இறக்கி, அடியில் தட்டுப்படும் வரை மெல்ல அசைத்து எடுங்கள். செய்த பூக்காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால், இதழ் உதிர்ந்த பின் எந்தக் காம்பில் பச்சைக் காய் தங்குகிறது என்று தெரியும்.

இரவெல்லாம் வாசல் விளக்கை எரியவிடுவதும் பூச்சிமருந்து தெளிப்பதும் இந்த விட்டில்களைச் செடியிலிருந்து விலக்கிவிடும். அதேபோல், வாலில் கொம்பு முளைத்த பருத்த புழு ஒன்று இலையைத் தின்பதைக் கண்டால் கொல்லாதீர்கள். அது பின்னாளில் இரவு விட்டிலாகிப் பூவுக்கு வரும் இனத்தைச் சேர்ந்தது. அது தின்னும் இலைகளை இந்தப் புதர் சில வாரங்களில் மீட்டுக்கொள்ளும்.

வேலி அடர்த்தியாக இருக்கிறது, பூவே இல்லை

பூ வருவது சிறுகிளைகளின் நுனியில். மாதந்தோறும் கத்தரியால் மட்டமாக வெட்டினால் மொட்டைத்தான் வெட்டுகிறீர்கள். பூவும் பழமும் வேண்டுமென்றால், குளிர்காலம் முடியும் ஆகஸ்டு மாதத்தில், செப்டம்பர் தளிருக்கு முன்பாக, ஆண்டுக்கு ஒரே முறை கவாத்துச் செய்யுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்து பல சிறுகிளைகள் புறப்படும். அவற்றின் நுனிகளே அந்தக் கோடையின் பூக்கள். நிழலும் மற்றொரு காரணம். அரைநாள் வெயிலாவது படாத இடத்தில் செடி பச்சையாகவே இருந்துவிடும். கோழியெருவை வாரி இறைத்திருந்தால் ஓராண்டு நிறுத்திவையுங்கள்.

கிரீன் கார்ப்பெட் என்ற தரைபடரும் குட்டை வகையில் பழத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதில் திடீரென்று நேராக மேலெழும் வலுத்த கிளை தோன்றினால் அடியோடு எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் செடி முழுவதும் அந்த வளர்ச்சிக்கே திரும்பிவிடும்.

இலையில் கரி படிந்தது போலிருக்கிறது, எறும்பு ஏறுகிறது

கறுப்பைத் துடைத்தால் விரலோடு வந்துவிடும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அது கரும்பூசணம், இலைக்குள் நுழைவதில்லை. செதில்பூச்சிகள் சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் தேன்போன்ற பிசுபிசுப்பில் அது வளர்கிறது. கிளையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், வெள்ளை மெழுகுச் சொட்டு போன்றோ பழுப்பு முத்து போன்றோ வரிசையாக ஒட்டியிருக்கும் அவற்றைக் காணலாம். நகத்தால் நெம்பினால் நசுங்கும். எறும்புகள் அந்த இனிப்புக்காகவே அவற்றைக் காவல் காக்கின்றன. எறும்பை விலக்கினால் பொறிவண்டுகள் வந்து பாதி வேலையை முடித்துவிடும். குறைவாக இருந்தால் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். மிகுந்திருந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறமும் கிளையும் நனையும்படி தெளித்து, பத்து நாளில் மறுபடியும் செய்யுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மலைப்பக்கத்திலிருந்து வீசும் பெர்க் காற்று அடிக்கும் ஆகஸ்டு, செப்டம்பரில் இலை தூசுபடிந்து வெண்கல நிறமாகி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். ஹோஸ் பைப்பால் இலையின் அடிப்புறத்தை வாரம் இருமுறை வேகமாகக் கழுவினாலே போதும்.

கிளை நுனியிலிருந்து கறுத்துக் காய்கிறது

இதில் இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். லெனேசியாவிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் ஓர் இரவு கழிந்ததும் நுனிகள் கறுத்தால் அது உறைபனி. இது கடற்கரைச் செடி. முதிர்ந்த புதர் மைனஸ் நான்கு டிகிரி அளவு வரை ஒருவாறு தாங்கும், இளஞ்செடி தாங்காது. கருகியதை உடனே வெட்டும் ஆசையை அடக்குங்கள். காய்ந்த நுனிகள் கீழே உள்ள கிளைக்குப் போர்வையாக இருக்கும். இப்போது வெட்டினால் புதுத் தளிர் புறப்பட்டு அடுத்த பனியில் அதுவும் போகும். பனிக்காலம் முழுதும் கடந்த பின், பட்டையை நகத்தால் சுரண்டி, பச்சை தெரியும் இடம் வரை வெட்டுங்கள். இளஞ்செடிகளை வடக்கு வெயில் விழும் சுவரை ஒட்டி நட்டு, இரவில் பழைய சேலையாலோ சாக்காலோ மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொடும் இடமெல்லாம் கருகும்.

பனியே இல்லாத டர்பனில், நனைந்த கோடையில், ஒவ்வொரு கிளையாகக் காய்ந்தால் அது பூசண நுனிக்கருகல். காய்ந்த பகுதிக்கு ஒரு சாண் கீழே, உள்மரம் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கணுக்களில் கரடுமுரடான முடிச்சுகள் கண்டாலும் இதே வழிதான். வெட்டியதை வேலியடியில் போடாதீர்கள்; பூசணம் மட்டுமல்ல, அந்தக் கவைமுள் காய்ந்த பின்னும் செருப்பைத் துளைக்கும். பால் கண்ணில் படாமலிருக்கக் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

நட்ட குச்சி வேர்விடுவதில்லை

வெட்டிய குச்சியை நேரே மண்ணில் குத்தினால் பெரும்பாலும் காய்ந்துபோகும். இளங்கிளையின் நுனியில், தாய்ச்செடியிலேயே விட்டபடி, குறுக்கே பாதி ஆழம் மட்டும் வெட்டி, இரண்டு மாதம் அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டுவாயில் வெளிறிய தடிப்பு திரளும். அதன் பிறகு முழுதாக வெட்டி, பால் உலர்ந்ததும் ஈரமணலில் நட்டால் ஏறக்குறைய முப்பது நாளில் வேர் பிடிக்கும். தரையைத் தொடும் கிளையை மண்ணில் பதியன் போடுவது இதைவிடவும் எளிது. விதை இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஆனால் நாற்று தொடக்கத்தில் மிக மெதுவாக வளரும். அது நோய் என்று எண்ணி உரம் கொடுக்காதீர்கள்.

பழத்தில் வெள்ளைப் பால், பாத்திரத்தில் பிசின்

பழம் முற்றும் முன்பே குரங்குகள் கொண்டுபோகும் வீடுகளில், மேற்கிளைகளை அவற்றுக்கு விட்டுவிட்டு உட்புறத்துப் பழங்களை நாம் எடுத்துக்கொள்வது தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. பழம் முழுச்சிவப்பாகி, மெல்ல அமுக்கினால் இணங்கும் பக்குவத்தில் பறிக்க வேண்டும். பச்சைக்காயில் பால் மிகுதி. பழுத்த பழத்தை அறுத்தாலும் சதையில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிறிது பால் தெரியும். அது தீங்கு செய்யாது. ஊறுகாய்க்கோ ஜாமுக்கோ வேகவைக்கும்போது அந்தப் பால் பழத்தைவிட்டுப் பிரிந்து பாத்திரத்தின் ஓரத்தில் பிசினாக வளையம் கட்டும். பலர் ஊறுகாயே கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள், கொட்ட வேண்டாம். அலுமினியச் சட்டியைத் தவிர்த்து எவர்சில்வரில் வேகவையுங்கள். இறக்கிய பின், ஒட்டிய பிசினைச் சோப்புப் போட்டுச் சுரண்டாமல், சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மொத்தமாக உரிந்து வந்துவிடும்.